பாங்கின் பெயரால் நடைபெறும் மோசடிகளும் குடியானவர்கள் கைக்கொள்ளவேண்டிய தற்காப்பு முறைகளும்

தாம்பரத்திற்கு மேற்கிலும் தெற்கிலும் உள்ள முடிச்சூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், சோமங்கலம், படப்பை முதலிய ஊர்களில் சாகுபடி நிலம் வருடத்திற்கு வருடம் சுருங்கி வருவது யாவரும் அறிந்த விஷயம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வயல்களில் அநேகம் இப்பொழுது மனைகளாகிவிட்டன. நிலத்தில் ஒரு பகுதியை விற்ற குடியானவர் அத்தொகையைப் பாங்கில் போட்டு வைத்து, உத்திரமேரூர், மதுராந்தகம் பக்கங்களில் வேறு நிலம் வாங்கவோ, பெண்ணுக்குக் கலியாணம் செய்யவோ உத்தேசித்திருப்பார். முன்காலத்தில் ஒரு குடும்பத்தின் செல்வம் களத்திலும் குதிரிலும் கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. அதைத் திருடுகிறவன் சுவரேறி வரவேண்டியிருந்தது. இப்பொழுது அது பாங்குக் கணக்கில் வெறும் எண்களாக இருக்கிறது. திருடுகிறவன் நூற்றுக்கணக்கான மைல்களுக்கப்பால் உட்கார்ந்துகொண்டு, ஒரு டெலிபோன் பேச்சினாலேயே அதைக் கொண்டுபோய்விடுகிறான்.

பயிருக்கு வரும் பூச்சியைப் பற்றி எழுதும் இப்பத்திரிகையில் இவ்விஷயத்தை எழுதுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். ஒரு போகம் முழுவதும் பாடுபட்டுச் சேர்த்த பொருளைப் பூச்சி தின்றாலும், மோசக்காரன் தின்றாலும் குடியானவருக்கு நஷ்டம் ஒன்றே. பூச்சியின் வழக்கத்தை அறிந்தவனே அதைத் தடுக்க முடியும். மோசக்காரன் விஷயத்திலும் அப்படியே.

ஓர் உதாரணம்

இப்பகுதியில் சுமார் மூன்று ஏக்கர் நிலமுடைய ஒரு குடியானவரை நான் பல வருடங்களாக அறிவேன். ரோட்டோரம் இருந்த அரை ஏக்கரை விற்று, அந்தப் பணத்தில் தெற்கே வேறு நிலம் வாங்குவதற்காகப் பாங்கில் போட்டு வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை அவருக்கு டெலிபோன் வந்தது. பேசியவன் நல்ல தமிழில், மிகுந்த மரியாதையுடன், தான் அவருடைய பாங்கின் தலைமை ஆபீஸிலிருந்து பேசுவதாகச் சொன்னான். அவருடைய பெயர், ஊர், நிலத்தின் சர்வே எண் ஆகியவற்றை அவனே கூறினான். “உங்கள் அடையாள விவரங்கள் புதுப்பிக்கப்படவில்லை, இன்றிரவுக்குள் முடிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும், கிசான் தவணையும் வராது” என்றான். பிறகு வாட்ஸ்அப் மூலம் ஒரு செயலியை அனுப்பி, அதைச் செல்போனில் ஏற்றிக்கொள்ளச் சொன்னான். அவர் ஏற்றினார். அரை மணி நேரத்திற்குள் நான்கு தவணைகளாக எட்டு லட்ச ரூபாய்க்கு மேல் கணக்கிலிருந்து போய்விட்டது.

இதில் நான் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் நடந்த கூட்டமொன்றில், “அடையாள விவரங்களைச் சீக்கிரம் புதுப்பியுங்கள், இல்லாவிடில் தவணை நின்றுபோகும்” என்று அவரிடம் சொன்னவன் நானே. சொன்னது உண்மைதான். ஆனால் எங்கே, யாரிடம், எவ்விதம் புதுப்பிக்கவேண்டும் என்பதை நான் விளங்கச் சொல்லவில்லை. நான் உழுது வைத்த நிலத்தில் மோசக்காரன் விதைத்துவிட்டான். அவரோ மகன் கோபிப்பான் என்று அஞ்சி இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த இரண்டு நாட்களே பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பைக் கெடுத்துவிட்டன. வாங்க நினைத்த நிலம் இன்னும் வாங்கப்படவில்லை.

மோசடியின் இயல்பு

இவ்விதமான மோசடியை ஆங்கிலத்தில் ‘பிஷிங்’ என்பர். மீனுக்குத் தூண்டிலிடுவது போன்றதாகையால் அப்பெயர் வந்தது. பாங்கின் பெயர், சர்க்கார் திட்டத்தின் பெயர், போலீஸின் பெயர் ஆகியவை தூண்டிலில் மாட்டிய இரை. நமது இரகசிய எண்களே அவன் பிடிக்க விரும்பும் மீன். இதில் யந்திரத்தின் பூட்டை உடைப்பது அபூர்வம். பூட்டின் சொந்தக்காரரைக் கொண்டே அதைத் திறக்கச் செய்வதுதான் வழக்கம்.

சர்வே எண்ணைச் சொன்னானே, அது எப்படித் தெரிந்தது என்று பலர் கேட்கிறார்கள். பட்டா விவரங்களைச் சர்க்கார் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். கிசான் திட்டப் பயனாளிகளின் பெயர்ப் பட்டியலும் கிராமவாரியாக வெளியிடப்பட்டிருக்கிறது. குடிகளின் சௌகரியத்திற்காகச் செய்யப்பட்ட இவ்வேற்பாடுகளை மோசக்காரனும் உபயோகித்துக்கொள்கிறான். ஆகையால் ஒருவன் நம்முடைய விவரத்தைச் சரியாகச் சொல்லுகிறான் என்பது அவன் பாங்கு உத்தியோகஸ்தன் என்பதற்கு அத்தாட்சியாகாது.

பாங்கே போலியாக இருத்தல்

ஆளைப் போலி செய்வது மட்டுமின்றி, பாங்கையே போலி செய்தவர்களும் நமது மாநிலத்தில் உண்டு. 2020-ம் வருடம் ஜூலை மாதத்தில், கடலூர் ஜில்லா பண்ருட்டியில் பாரத ஸ்டேட் பாங்கின் பெயரில் போலிக் கிளை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதை அமைத்தவர் பாங்கு ஊழியர் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர். சலான்களும் முத்திரைகளும் கம்ப்யூட்டரும் அங்கே இருந்தன. வாடிக்கைக்காரர் ஒருவர் உண்மைக் கிளையில் இதைப் பற்றிக் கேட்டதன் பேரில் விஷயம் வெளிவந்து, மூன்று பேர் கைதாயினர்.

இதைவிடக் குடியானவர்களுக்கு நேராகச் சம்பந்தப்பட்டது 2022-ம் வருடம் நவம்பரில் சென்னைப் போலீஸின் மத்தியக் குற்றப் பிரிவார் வெளிப்படுத்திய விஷயம். ‘ஊரக மற்றும் வேளாண்மை விவசாயிகள் கூட்டுறவு வங்கி’ என்ற பொருள்படும் பெயருடன், சென்னை அம்பத்தூரில் தலைமை ஆபீஸும், வெளி ஜில்லாக்களில் பல கிளைகளும் கொண்டு ஒரு ஸ்தாபனம் நடந்து வந்தது. ரிசர்வ் பாங்கு அனுமதி கொடுத்தது போன்ற போலிப் பத்திரம் அவர்களிடம் இருந்தது. ஜனங்களுக்குக் கணக்குத் திறந்து, பாஸ்புத்தகமும் கொடுத்து, பணமும் வாங்கினார்கள். ரிசர்வ் பாங்கின் புகாரின் பேரில் இது பிடிபட்டது. ‘விவசாயி’, ‘கூட்டுறவு’ என்ற இரண்டு நல்ல வார்த்தைகளும் இங்கே இரையாக உபயோகப்பட்டன என்பதைக் கவனிக்கவேண்டும்.

உரிமம் பெற்ற பாங்குகளில் போட்ட பணத்திற்கு, ஒரு பாங்கில் ஒருவருக்கு 5 லட்ச ரூபாய் வரையில் இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. இவ்வளவு 2020 பிப்ரவரி 4-ந் தேதி முதல் அமுலில் இருந்து வருகிறது. போலிப் பாங்கில் போட்ட பணத்திற்கு அப்பாதுகாப்பு ஒன்றும் இல்லை. புதிய பாங்கில் பணம் போடுமுன் அதன் பெயர் ரிசர்வ் பாங்கின் பட்டியலில் உள்ளதா என்று படித்த பிள்ளைகளைக் கொண்டு பார்த்துக்கொள்வது சுலபம்.

மோசடிகளின் வகைகள்

இப்பகுதியில் கேள்விப்படும் வகைகளில் முக்கியமானவை வருமாறு:

1. கணக்கு முடங்கும் என்ற பயமுறுத்தல். மேலே சொன்ன உதாரணம் இவ்வகையைச் சேர்ந்தது. ஏ.டி.எம். கார்டின் எண், இரகசிய எண், செல்போனுக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணாகிய ஓ.டி.பி. ஆகியவற்றைக் கேட்பான்.

2. திட்டத்தின் பெயரால் வரும் போலிச் செயலி. 2019-ம் வருடம் பிப்ரவரி 24-ந் தேதி தொடங்கப்பட்ட பிரதம மந்திரி கிசான் சம்மான் நிதியில் வருடத்திற்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில் 2,000 ரூபாய் வீதம் கொடுக்கப்படுகிறது. இதன் பெயரால் ‘ஏ.பி.கே.’ என்று முடியும் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதை ஏற்றிக்கொண்டால், செல்போனுக்கு வரும் குறுஞ்செய்திகளை அது மோசக்காரனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்பொழுது ஓ.டி.பி.யை நாம் வாயால் சொல்லவேண்டிய அவசியமே இல்லை; அது தானாகவே போய்ச் சேரும்.

3. பணம் கொடுப்பதாகச் சொல்லிப் பணம் எடுத்தல். மாடு, வைக்கோல், காய்கறி முதலியவற்றை வாங்குவதாகப் பேசி, முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி, கியூ.ஆர். படத்தை அனுப்பி யு.பி.ஐ. இரகசிய எண்ணைப் பதியச் சொல்லுவான். பணம் பெறுவதற்கு இரகசிய எண் எக்காலத்திலும் வேண்டியதில்லை, கொடுப்பதற்கே வேண்டும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் இவ்வகை முழுவதும் ஒழியும்.

4. கைரேகைத் திருட்டு. ஆதாரைக் கொண்டு கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் முறையில் ஓ.டி.பி. கேட்கப்படுவதில்லை. கிரயப் பத்திரங்களிலோ நம்முடைய கைரேகை பதிவாகியிருக்கிறது. தெலங்கானாவில் 2018-ல், பத்திரங்களிலிருந்து எடுத்த கைரேகைகளை ரப்பரில் நகல் செய்து, பிறர் பெயரில் செல்போன் சிம்களை இயக்கியது வெளிப்பட்டது. ஆதார் செயலியின் மூலம் கைரேகையைப் பூட்டி வைக்க வசதி உண்டு. ஆனால் பூட்டி வைத்தவர் ரேஷன் கடையிலோ பொதுச் சேவை மையத்திலோ ரேகை வைக்குமுன் அதைத் திறந்துகொள்ள வேண்டும்.

5. போலீஸ் வேஷம். உங்கள் பெயரில் குற்றம் பதிவாகியிருக்கிறது, காணொலியில் எங்கள் முன்பே இருக்கவேண்டும், விசாரணைக்காகப் பணத்தை அனுப்பவேண்டும் என்று மிரட்டுவது. இதை ‘டிஜிட்டல் கைது’ என்பர். இப்படிப்பட்ட கைது நமது சட்டத்தில் இல்லவே இல்லை.

மெய்யையும் பொய்யையும் பிரித்தறியும் விதம்

சாக்கின் மேல் நல்ல பெயர் எழுதியிருக்கிறது என்பதற்காக நாம் விதையை வாங்கி விதைத்துவிடுவதில்லை. சான்று பெற்ற விதைக்குரிய நீலச் சீட்டு இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஈரத்துணியில் நூறு விதையை முடிந்து வைத்து முளைப்பைச் சோதிக்கிறோம். பாங்கின் பெயரால் வரும் செய்திக்கும் அப்படிப்பட்ட சோதனைகள் உண்டு.

முதலாவது, அவசரம். “இன்றிரவுக்குள்”, “பத்து நிமிஷத்திற்குள்” என்று எவன் சொன்னாலும் சந்தேகிக்கவேண்டும். உண்மைப் பாங்கு நாம் மறுநாள் காலையில் நேரில் வருவதை ஒருபோதும் ஆட்சேபிக்காது. மோசக்காரர்கள் சனிக்கிழமை மாலையையும் விடுமுறை நாளையும் விரும்புவது கிளை மூடியிருக்கும் என்பதற்காகவே.

இரண்டாவது, இரகசியம் கேட்டல். இரகசிய எண்ணையும் ஓ.டி.பி.யையும் டெலிபோனில் கேட்கும் வழக்கம் எந்தப் பாங்குக்கும் இல்லை. கேட்ட மாத்திரத்தில் டெலிபோனை வைத்துவிடலாம்; அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

மூன்றாவது, அழைக்கும் எண். பாங்குகள் கணக்கு விஷயமாக வாடிக்கைக்காரர்களை அழைப்பதற்கு 1600 என்று தொடங்கும் எண்களையே உபயோகிக்கவேண்டும் என்று ரிசர்வ் பாங்கு 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. சாதாரணப் பத்து இலக்கச் செல்போன் எண்ணிலிருந்து பாங்கு பேசுகிறது என்றால் சந்தேகத்திற்கு இடமுண்டு. எந்த எண்ணாயினும், இரகசியம் கேட்டால் மேற்சொன்ன விதியே பிரமாணம்.

நான்காவது, இணைய விலாசம். பாங்குகளின் இணையதள விலாசங்கள் ‘பேங்க்.இன்’ என்று முடியும்படி 2025 அக்டோபர் 31-ந் தேதிக்குள் மாற்றப்படவேண்டும் என்று ரிசர்வ் பாங்கு ஏற்படுத்தியது. வேறு விதமாக முடியும் விலாசத்தில் கணக்கு விவரத்தைப் பதியலாகாது. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பை அழுத்துவதைவிட, பாஸ்புத்தகத்தில் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நாமே டெலிபோன் செய்து கேட்பது உத்தமம்.

ஓ.டி.பி.யை எவரிடமும் சொல்லலாகாது என்ற விதியில் ஒரு சிக்கல் உண்டு. விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்கும் முகாமிலும், பொதுச் சேவை மையத்திலும், ஆதாருடன் சேர்ந்த ஓ.டி.பி.யை ஊழியர்கள் கேட்பதுண்டு. இதனால் குடியானவர்கள் எதை நம்புவது என்று மயங்குகிறார்கள். வித்தியாசம் இதுதான்: அங்கே நாம் நமது காரியமாக நேரில் போயிருக்கிறோம், ஊழியர் கண்ணெதிரே இருக்கிறார். அப்பொழுதும் எண்ணைச் சொல்லுமுன் செய்தியை முழுவதும் படிக்க, அல்லது பிறரைக் கொண்டு படிக்கச் செய்ய வேண்டும். பணம் எடுப்பது அல்லது அனுப்புவது பற்றிய வாசகமும், ரூபாய்த் தொகையும் அதில் இருந்தால் சொல்லவே கூடாது. நாம் கேளாமல் டெலிபோனில் வருகிறவனிடம் எந்த எண்ணையும் சொல்லலாகாது.

முன்னேற்பாடுகள்

நிலம் விற்ற பெருந்தொகையை, செல்போனில் யு.பி.ஐ. சேர்த்துள்ள கணக்கிலேயே வைத்திருப்பது ஏரி நீர் முழுவதையும் ஒரே மதகில் விடுவது போலாகும். அன்றாடச் செலவுக்கு ஒரு சிறு கணக்கும், பெருந்தொகைக்கு யு.பி.ஐ.யும் கார்டும் சேராத வேறு கணக்கும் வைத்துக்கொள்வது நலம். ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகைக்கு வரம்பு வைக்கும்படி பாங்கில் எழுதிக் கொடுக்கலாம். பாங்கில் பதிவான செல்போன் எண் தற்போது உபயோகத்தில் உள்ளதுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எண் மாறியிருந்தால் பணம் போகும் செய்தியே நமக்கு எட்டாது. தெரியாதவர் அனுப்பிய செயலியை எக்காரணத்தாலும் ஏற்றலாகாது.

கமிஷன் கிடைக்கும் என்று தமது கணக்கையும் கார்டையும் பிறர் உபயோகத்திற்குக் கொடுப்போரும் உண்டு. திருட்டுப் பணம் இப்படிப்பட்ட கணக்குகளின் வழியாகவே ஓடுகிறது. போலீஸார் முதலில் வந்து நிற்பது அக்கணக்குக்காரர் வீட்டு வாசலில்தான். ஆகையால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பண்ணையாட்களுக்கும் இதை எச்சரித்து வைக்கவேண்டும்.

பணம் போய்விட்டால் செய்யவேண்டியவை

ஏரிக்கரை உடைந்தால் யார் தப்பு என்று விசாரிப்பதற்கு முன் உடைப்பை அடைக்கிறோம். இங்கேயும் அப்படியே செய்யவேண்டும்.

முதலில் 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்க. இது சைபர் பண மோசடிகளுக்காக நாடு முழுவதற்கும் ஏற்பட்ட எண். எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு, எந்த நேரத்தில் போயிற்று என்பதைக் குறுஞ்செய்தியைப் பார்த்துச் சொல்லவேண்டும். அங்கிருந்து பாங்குகளுக்குச் செய்தி போய், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே தடுத்து வைக்கப்படும். மோசக்காரன் அதைக் கணக்குக்குக் கணக்கு மாற்றி விரைவில் எடுத்துவிடுவானாகையால், ஒவ்வொரு நிமிஷமும் விலையுள்ளது. அதே சமயத்தில் மற்றொருவர் பாங்குக்குச் சொல்லிக் கணக்கையும் கார்டையும் நிறுத்தும்படி செய்க. செயலி ஏற்றியிருந்தால் அந்தச் செல்போனின் இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறு செல்போனிலிருந்து பேசுக. பின்னர் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் பதிந்து, அருகிலுள்ள போலீஸ் நிலையத்திலும் எழுதிக் கொடுக்கவேண்டும். 2022 ஜனவரி 1 முதல் நடந்து வரும் தாம்பரம் மாநகரப் போலீஸ் கமிஷனரகத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. குறுஞ்செய்தி, அழைப்பு எண், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்கலாகாது, அவையே சாட்சியம்.

நஷ்டத்தை யார் ஏற்பது என்பதைப் பற்றி ரிசர்வ் பாங்கு 2017 ஜூலை 6-ந் தேதி ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன்படி, வாடிக்கைக்காரர் மேலும் பாங்கின் மேலும் தவறில்லாமல் பிறரால் நேர்ந்த நஷ்டத்தை, பாங்கின் செய்தி கிடைத்தபின் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கைக்காரருக்குப் பொறுப்பு இல்லை. இரகசிய எண்ணைத் தாமே சொல்லிவிட்டிருந்தால், பாங்குக்குத் தெரிவிக்கும் வரையில் நேர்ந்த நஷ்டம் அவருடையது. தெரிவித்தபின் நேர்வது பாங்கினுடையது. தாமே ஏமாந்தவரும் உடனே தெரிவிப்பதால் லாபமுண்டு என்பது இதிலிருந்து விளங்கும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படக்கூடுமாதலால், நடப்பில் உள்ளதைக் கிளையில் கேட்டுக்கொள்க. பாங்கு முப்பது நாட்களுக்குள் பதில் கொடாவிட்டாலும், கொடுத்த பதில் திருப்தியில்லாவிட்டாலும், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். இதைப் பற்றி விசாரிக்க 14448 என்ற எண் உண்டு.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

கிராம நிர்வாக அலுவலர்களும், கூட்டுறவுச் சங்கக் காரியதரிசிகளும், எங்களைப் போன்ற துறை ஊழியர்களும் செய்யவேண்டியது அதிகம். திட்டச் செய்தியை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும்பொழுது இணைப்பையோ செயலியையோ சேர்த்து அனுப்பலாகாது. இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்னார் முன்னிலையில் என்று மட்டும் எழுதுவது நலம். நம்மிடமிருந்து இணைப்பு வராது என்பது குடிகளுக்கு உறுதியாகத் தெரிந்தால், வருவதெல்லாம் போலி என்று அவர்களே தள்ளிவிடுவார்கள். 1930 என்ற எண்ணை ஆபீஸ் சுவரிலும், ரேஷன் கடையிலும், நெல் கொள்முதல் நிலையத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவேண்டும். ஏமாந்து வருகிறவரை நகைக்கலாகாது. நகைப்புக்கு அஞ்சியே பலர் மறைக்கிறார்கள். மறைப்பதனாலேயே பணம் போய்விடுகிறது.

சென்ற வருடம் பக்கத்து ஊரில் ஓர் அம்மாளுக்கு இதே மாதிரி நேர்ந்தது. அவர் வெட்கப்படாமல் உடனே எதிர் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னார். எதிர் வீட்டுப் பையன் அந்த நிமிஷமே 1930-க்குப் பேசினான். போன தொகையில் பெரும்பகுதி வழியிலேயே தடுக்கப்பட்டு, சில மாதங்களுக்குப் பின் அவர் கணக்குக்குத் திரும்பி வந்தது. முன் சொன்ன குடியானவர் அந்த அம்மாளைவிடப் படித்தவர். அவருக்கு நேர்ந்த நஷ்டத்திற்குக் காரணம் படிப்புக் குறைவு அன்று. இரண்டு நாள் மௌனமே.

வாசிக்கத் தெரிந்தவர்கள் இக்கட்டுரையை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு முறை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். எல்லாவற்றையும் நினைவில் வைப்பது கஷ்டமாயினும் மூன்று விஷயங்களை மறக்கலாகாது: கேளாமல் வந்தவனிடம் எண்ணைச் சொல்லாதிருத்தல், பிறர் அனுப்பிய செயலியை ஏற்றாதிருத்தல், நஷ்டம் நேர்ந்தால் அந்த நிமிஷமே 1930-க்குச் சொல்லுதல்.